வீட்டில் செய்த ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயர்: பழுதைத் தேடிப் பிடிப்பது எப்படி

பாகங்களை எல்லாம் பொருத்தி, சால்டர் செய்து முடித்து, பேட்டரியை மாட்டி சுவிட்சைப் போட்டால் சத்தம் வரவில்லை. அல்லது ஒரு காதில் மட்டும் வருகிறது. அல்லது பாட்டோடு கரகரப்பும் சேர்ந்து வருகிறது. முதன்முதலாக இதைச் செய்பவர்கள் பலர் இந்த இடத்தில்தான் மனம் தளர்ந்து, போர்டை எடுத்து ஓரமாக வைத்துவிடுகிறார்கள். வைக்க வேண்டாம். இந்தச் சர்க்கியூட்டில் மொத்தமே இருபது இருபத்தைந்து பாகங்கள்தான். ஒரு சாதாரண மல்டிமீட்டர் இருந்தால் பழுது எங்கே என்று ஒரே மாலையில் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் வரிசை தப்பக் கூடாது.

வரிசை தப்புகிறவர்கள் முதலில் கை வைப்பது ஐசியில்தான், அதாவது ஒலியைப் பெருக்கும் எட்டுக் கால் சில்லில். "ஐசி போயிருக்கும்" என்று புதிதாக ஒன்று வாங்கி மாட்டுவார்கள், அதிலும் சத்தம் வராது. ஐசியைக் கடைசியாகத்தான் சந்தேகிக்க வேண்டும். சால்டர், வயரிங், தவறான மதிப்புள்ள ரெசிஸ்டர், இந்த மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

இந்தக் கட்டுரையில் நான் எடுத்துக்கொள்வது சீமோய் என்று அழைக்கப்படும் சர்க்கியூட்டை. சூ மோய் என்பவர் 1990களின் பிற்பகுதியில் வெளியிட்ட வடிவம் இது. புதிதாகத் தொடங்குபவர்கள் இன்றும் இதைத்தான் அதிகம் செய்கிறார்கள். ஒரு 9 வோல்ட் பேட்டரி, அதை இரண்டாகப் பிரிக்க இரண்டு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள், இரண்டு 220 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர்கள், நடுவில் ஓபிஏ2134 போன்ற ஒரு இரட்டை ஆப்-ஆம்ப் ஐசி (ஒரே உடலுக்குள் இரண்டு பெருக்கிகள், சேனலுக்கு ஒன்று). ஒவ்வொரு சேனலுக்கும் உள்ளே வரும் வழியில் 0.1 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர், 100 கிலோ ஓம் ரெசிஸ்டர், பெருக்கத்தை, அதாவது உள்ளே வருவது எத்தனை மடங்காகி வெளியே போகும் என்பதைத் தீர்மானிக்க 1 கிலோ ஓமும் 10 கிலோ ஓமும். உங்கள் போர்டில் மதிப்புகள் கொஞ்சம் மாறியிருந்தாலும் தேடும் முறை மாறாது.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இடது, வலது என்று இரண்டு சேனல்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் பொதுவானவை பேட்டரி சப்ளை, கிரவுண்ட், ஐசியின் உடல், இரண்டு ஜாக்குகள், வால்யூம் கண்ட்ரோல். மற்றதெல்லாம் தனித்தனி. ஆக, இரண்டு காதிலும் ஒரே மாதிரி கோளாறு என்றால் பொதுவான பகுதியைப் பாருங்கள். ஒரு காதில் மட்டும் என்றால் அந்தச் சேனலுக்கே உரிய பாகங்களைப் பாருங்கள். அதைவிடப் பெரிய வசதி, சரியாக வேலை செய்கிற சேனல் பக்கத்திலேயே இருப்பது. எங்கே எவ்வளவு வர வேண்டும் என்று தெரியாவிட்டாலும், அந்தப் பக்கம் அளந்து இந்தப் பக்கத்தோடு ஒப்பிட்டாலே விடை கிடைத்துவிடும்.

பேட்டரியை மாட்டும் முன்

நல்ல ஹெட்ஃபோனை எட்ட வைத்துவிடுங்கள். சோதனைக்கு, போனால் வருத்தப்படாத ஒரு மலிவான இயர்ஃபோன் போதும். அதையும் காதில் மாட்டிக்கொண்டு சுவிட்சைப் போடாதீர்கள். கோளாறுள்ள ஆம்ப்ளிஃபயர் எவ்வளவு சத்தம் போடும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

முதலில் இயர்ஃபோனையும் பாட்டு தரும் கருவியையும் இணைக்கும் ஒயரையும் தனியாகச் சோதியுங்கள். இயர்ஃபோனை நேரடியாகப் போனில் செருகி இரண்டு காதிலும் வருகிறதா என்று கேளுங்கள். ஒயரின் ஒரு இழை உள்ளே அறுந்திருக்க, மணிக்கணக்காக போர்டைத் தேடுகிறவர்கள் உண்டு.

அடுத்து நல்ல வெளிச்சத்தில் போர்டின் சால்டர் பக்கத்தைப் பாருங்கள். போனின் கேமராவில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் கண்ணுக்குத் தப்பியது தெரியும். நல்ல சால்டர் பாகத்தின் காலைச் சுற்றிச் சரிவாக இறங்கிப் பட்டையோடு ஒட்டியிருக்கும். உருண்டை மணியாக மேலே உட்கார்ந்திருந்தாலோ, காலைச் சுற்றி மெல்லிய வளையமாகக் கோடு தெரிந்தாலோ அது டிரை சால்டர், அதாவது சரியாக ஒட்டாத சால்டர். கொஞ்சம் ஃபிளக்ஸ் தடவி, அயர்னை வைத்து உருக்கி, துளி புது ஈயம் சேர்த்தால் சரியாகிவிடும். செம்புப் பட்டைகள் வரிசையாக ஓடும் ஸ்ட்ரிப் போர்டில் செய்திருந்தால் ஐசிக்கு அடியில் பட்டைகளை வெட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். வெட்டிய இடத்தில் மயிரிழையாகச் செம்பு மிச்சமிருந்தாலும் போதும், எதிரெதிர் பின்கள் ஷார்ட் ஆகிவிடும். பட்டைகளுக்கு இடையே கத்தி முனையால் ஒருமுறை கோடு இழுத்துவிடுவது நல்லது.

பிறகு திசைகள். எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரில் பட்டைக் கோடு போட்ட பக்கம் மைனஸ். ஐசியில் வெட்டு அல்லது புள்ளி இருக்கும் முனையில், வெட்டு மேலே இருக்கும்படி பிடித்தால் இடது மேல் கால் 1. அங்கிருந்து கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் எண்ணிக்கொண்டு போனால் வலது மேல் கால் 8. மைனஸ் 4ஆம் காலில், பிளஸ் 8ஆம் காலில். ஐசியைத் தலைகீழாகச் செருகினால் இவை இரண்டும் இடம் மாறிக்கொள்ளும், ஐசி சில விநாடிகளில் கையால் தொட முடியாத அளவு சூடாகும். இதனால்தான் ஐசியை நேரடியாகச் சால்டர் செய்யாமல் சாக்கெட்டில் வையுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சாக்கெட் இருந்தால் இப்போதே ஐசியைக் கழற்றி எடுத்து வையுங்கள்.

ஐசி இல்லாமல் மின்தடை அளவு

பேட்டரி மாட்டாமல், சுவிட்சை ஆன் நிலையில் வைத்து, பேட்டரி கிளிப்பின் இரண்டு முனைகளுக்கும் நடுவே ஓம் அளவை எடுங்கள். முதலில் குறைவாகக் காட்டி மெல்ல ஏறும், கெபாசிட்டர்கள் நிரம்புவதால் அப்படி. ஏறி 9.4 கிலோ ஓம் பக்கத்தில் நின்றால் சரி. ஏறாமல் சில ஓம்களிலேயே நின்றால் எங்கோ ஷார்ட். அதைத் தீர்க்காமல் பேட்டரியை மாட்டக் கூடாது.

அடுத்து சாக்கெட்டின் கால்களில் அளவு எடுப்போம். இதைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். என்னைக் கேட்டால் மொத்தத் தேடலிலும் இதுதான் அதிகம் சொல்லித் தரும். கருப்பு முனையை மெய்நிகர் கிரவுண்டில், அதாவது பேட்டரியின் 9 வோல்ட்டுக்கு நடுப்புள்ளியாக இரண்டு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர்களும் சேரும் இடத்தில் வையுங்கள். சிவப்பு முனையால் ஒவ்வொரு காலாகத் தொடுங்கள்:

3ஆம் காலிலும் 5ஆம் காலிலும்: 100 கிலோ ஓம்.
2ஆம் காலிலும் 6ஆம் காலிலும்: 1 கிலோ ஓம்.
பிறகு கிரவுண்டை விட்டுவிட்டு 1க்கும் 2க்கும் நடுவே, 7க்கும் 6க்கும் நடுவே: 10 கிலோ ஓம்.

1, 2, 3 ஒரு சேனல். 5, 6, 7 இன்னொரு சேனல். இரண்டு பக்கமும் ஒரே எண் வர வேண்டும். வராவிட்டால் எந்த எண் தப்பு என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். 2ஆம் காலில் 1 கிலோவுக்குப் பதில் திறந்த சுற்று காட்டினால் அந்தச் சேனலின் பெருக்கம் ஒன்றாகச் சுருங்கிவிடும், அதாவது பாட்டு வரும், ஆனால் மற்ற காதைவிட ரொம்ப மெல்லியதாக. 1க்கும் 2க்கும் நடுவே உள்ள 10 கிலோ விட்டுப் போயிருந்தால் நேர்மாறு, அந்தச் சேனலைக் கட்டுப்படுத்த ஆளில்லாமல் போய் வெளியீடு சப்ளையின் ஓரத்துக்குத் தாவிவிடும். 3ஆம் காலில் உள்ள 100 கிலோ விட்டிருந்தால் உள்ளீடு அந்தரத்தில் தொங்கும், பாட்டு கொஞ்ச நேரம் வந்து பிறகு சிதைந்து நின்றுபோகும்.

10 கிலோவும் 1 கிலோவும் இடம் மாறியிருப்பதும் சகஜம். நான்கு பட்டை ரெசிஸ்டரில் 1 கிலோ என்றால் பழுப்பு, கருப்பு, சிவப்பு. 10 கிலோ என்றால் பழுப்பு, கருப்பு, ஆரஞ்சு. மஞ்சள் விளக்கு வெளிச்சத்தில் சிவப்பும் ஆரஞ்சும் ஒன்றுபோலத்தான் தெரியும். மாறிவிட்டால் பெருக்கம் 11 வருவதற்குப் பதில் 1.1 தான் வரும். நிறத்தை நம்பாமல், ஒவ்வொரு ரெசிஸ்டரையும் மீட்டரில் அளந்துவிட்டு போர்டில் வைக்கும் பழக்கம் வந்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

ஐசி இல்லாமல் வோல்டேஜ்

இப்போது பேட்டரியை மாட்டலாம். ஐசி இன்னும் வெளியேதான் இருக்க வேண்டும். மீட்டரின் கருப்பு முனை மெய்நிகர் கிரவுண்டில். 8ஆம் காலில் சுமார் +4.5 வோல்ட், 4ஆம் காலில் சுமார் -4.5 வோல்ட் வர வேண்டும். 4.6, 4.4 என்று சிறு வித்தியாசம் இருந்தால் பரவாயில்லை. ஒரு பக்கம் 9, மறுபக்கம் 0 என்றால் பிரிக்கும் ரெசிஸ்டர்களில் ஒன்றின் சால்டர் விட்டிருக்கிறது, அல்லது மெய்நிகர் கிரவுண்ட் எங்கோ மைனஸையோ பிளஸையோ தொடுகிறது.

இந்தத் தொடுதல் அதிகம் நடப்பது உலோகப் பெட்டியில் வைக்கும்போது. ஹெட்ஃபோன் ஜாக்கின் உடல் மெய்நிகர் கிரவுண்டில் இருக்கும், அது பெட்டியைத் தொடும். வெளி மின்சாரத்துக்கு என்று வைத்த டிசி ஜாக்கின் உடல் பேட்டரியின் மைனஸில் இருக்கும், அதுவும் அதே பெட்டியைத் தொடும். பெட்டி இரண்டையும் இணைத்துவிடும். மேசை மேல் வைத்தால் நன்றாகப் பாடுகிறது, பெட்டியில் திருகினதும் செத்துவிடுகிறது என்றால் முதலில் இதைப் பாருங்கள். டிசி ஜாக்கைப் பிளாஸ்டிக் உடல் கொண்டதாக மாற்றி, போர்டின் அடியில் கனமான அட்டையோ டேப்போ ஒட்டிவிட்டால் போதும்.

இதே காரணத்தால் இன்னொன்றும் செய்யக் கூடாது. போனைச் சார்ஜ் செய்யும் அதே சப்ளையிலிருந்து இந்த ஆம்ப்ளிஃபயருக்கும் மின்சாரம் எடுத்தால், போனின் கிரவுண்ட் ஆடியோ ஒயர் வழியாக மெய்நிகர் கிரவுண்டில் சேரும், அதே கிரவுண்ட் சப்ளை ஒயர் வழியாக மைனஸிலும் சேரும். பாதி சப்ளை ஷார்ட். இந்தச் சர்க்கியூட்டுக்குத் தனிப் பேட்டரிதான் பாதுகாப்பு.

ஐசியை வைத்த பிறகு

பேட்டரியைக் கழற்றுங்கள், ஐசியைத் திசை பார்த்துச் செருகுங்கள். எட்டுக் கால்களும் சாக்கெட்டுக்குள் இறங்கியிருக்கின்றனவா, ஒன்று உடலுக்கு அடியில் மடிந்துவிட்டதா என்று பக்கவாட்டில் இருந்து பாருங்கள். மடிந்த காலை மேலிருந்து பார்த்தால் தெரியாது.

முதலில் அளக்க வேண்டியது கரண்ட். 9 வோல்ட் பேட்டரியின் கிளிப்பில் ஒரு பொத்தானை மட்டும் மாட்டி, கிளிப்பைக் கொஞ்சம் திருப்பி மற்றப் பொத்தானை விலக்கி வையுங்கள். மீட்டரை மில்லி ஆம்பியரில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் திறந்த பொத்தானிலும் மறு முனையை கிளிப்பின் திறந்த பொத்தானிலும் வைத்தால் மீட்டர் நடுவே சேர்ந்துவிடும், ஒரு ஒயரையும் வெட்ட வேண்டாம். ஓபிஏ2134 ஒரு சேனலுக்குச் சுமார் 4 மில்லி ஆம்பியர் எடுக்கும். இரண்டு சேனலுக்கு 8, பிரிக்கும் ரெசிஸ்டர்களுக்கு 1, எல்இடி வைத்திருந்தால் அதற்குக் கொஞ்சம். ஆக 10 மில்லி ஆம்பியர் பக்கத்தில் வந்தால் சரி. பாட்டே போடாமல் 30, 40 என்று காட்டினால் ஐசி தலைகீழாக இருக்கலாம், வெளியீடு ஷார்ட் ஆகியிருக்கலாம், அல்லது சர்க்கியூட் தானாக அலைந்துகொண்டிருக்கலாம். இந்த அலைவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அளந்து முடித்ததும் மீட்டரை வோல்ட்டுக்கு மாற்ற மறக்காதீர்கள். மில்லி ஆம்பியரிலேயே வைத்துக்கொண்டு வோல்டேஜ் அளக்கப் போனால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

இப்போது பேட்டரியை முழுதாக மாட்டி, உள்ளே எதையும் செருகாமல், வெளியீட்டு ஜாக்கில் டிசி வோல்டேஜ் அளவு எடுங்கள். கிரவுண்டுக்கும் இடதுக்கும் ஒருமுறை, கிரவுண்டுக்கும் வலதுக்கும் ஒருமுறை. இதைத்தான் ஆஃப்செட் என்கிறோம். சில மில்லி வோல்ட் இருந்தால் அருமை. 20 வரை கவலையில்லை. 50ஐத் தாண்டினால் ஹெட்ஃபோனைச் செருகாதீர்கள், காரணத்தைத் தேடுங்கள். இந்தச் சர்க்கியூட்டில் வெளியீட்டில் கெபாசிட்டர் கிடையாது. அதனால் ஆஃப்செட் முழுவதும் நேராக ஹெட்ஃபோனின் சுருளுக்குள் போய் அதைச் சூடாக்கி, ஒலி எழுப்பும் சவ்வை ஒரு பக்கமாகத் தள்ளி வைத்திருக்கும்.

ரெசிஸ்டர் அளவுகள் எல்லாம் சரியாக இருந்தும் ஆஃப்செட் வருகிறதா? அப்படியென்றால் எந்த ஐசி போட்டிருக்கிறீர்கள் என்று பாருங்கள். ஓபிஏ2134 இல்லை என்று என்ஈ5532 போடுபவர்கள் நிறைய. நல்ல ஐசிதான், ஆனால் அதன் உள்ளீட்டுக் கால்கள் சுமார் 200 நானோ ஆம்பியர் கரண்ட் எடுக்கும். அது 100 கிலோ ஓம் வழியாகப் போகும்போது 20 மில்லி வோல்ட். 11 மடங்கு பெருகினால் 220 மில்லி வோல்ட். இது பழுதே அல்ல, கணக்கு. ஓபிஏ2134 எஃப்இடி (ஒரு வகை டிரான்சிஸ்டர்) உள்ளீடு கொண்டது, அது எடுக்கும் கரண்ட் பிகோ ஆம்பியர் அளவில்தான், அதனால் இந்தத் தொல்லை அதில் எழுவதில்லை. எஃப்இடி உள்ளீடு என்பதற்காக டிஎல்072 போடலாமா என்றால், 32 ஓம் ஹெட்ஃபோனுக்குத் தேவையான கரண்ட்டைத் தர அதற்குத் தெம்பு கிடையாது. சத்தம் சீக்கிரம் சிதையும்.

ஆஃப்செட் இன்னொரு வேடத்திலும் வரும். ஹெட்ஃபோன் இல்லாதபோது 4.5, 4.5 என்று சரியாக இருந்த சப்ளை, ஹெட்ஃபோனைச் செருகியதும் 7, 2 என்று சாய்ந்துவிடும். 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் இரண்டும் சேர்ந்து பிடித்திருக்கும் மெய்நிகர் கிரவுண்ட் அவ்வளவு பலமானது அல்ல. 1 மில்லி ஆம்பியர் டிசி அதற்குள் போனாலே 2 வோல்ட்டுக்கு மேல் நகர்ந்துவிடும். ஆகவே ஹெட்ஃபோனைக் கழற்றினால் சமநிலைக்குத் திரும்புகிறது என்றால் பழுது சப்ளையில் இல்லை, ஆஃப்செட்டில் இருக்கிறது. திரும்பவில்லை என்றால் பிரிக்கும் ரெசிஸ்டர்களுக்கே போங்கள்.

ஒரு காதில் மட்டும் வரவில்லை

டிசி அளவுகள் எல்லாம் சரி, பாட்டு மட்டும் ஒரு பக்கம் வரவில்லை. இப்போது மலிவான இயர்ஃபோனைச் செருகி, பாட்டுக் கருவியைக் கழற்றிவிட்டு, வால்யூமைப் பாதியில் வைத்து, ஒரு சிறு திருப்புளியின் உலோக முனையை விரலால் பிடித்தபடி 3ஆம் காலைத் தொடுங்கள். பேட்டரியில் மட்டும் ஓடும் கருவி என்பதால்தான் இதைச் செய்யலாம், கரண்ட் அடாப்டரில் ஓடும் எதிலும் செய்யக் கூடாது. அந்தக் காதில் லேசான ரீங்காரமோ டக் என்ற ஒலியோ வந்தால் 3ஆம் காலில் இருந்து ஜாக் வரை வழி நன்றாக இருக்கிறது, கோளாறு அதற்கு முன்னால். வராவிட்டால் கோளாறு அதற்குப் பின்னால். 5ஆம் காலிலும் தொட்டு ஒப்பிடுங்கள்.

முன்னால் என்றால் 0.1 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர், வால்யூம் கண்ட்ரோலின் நடுக்கால், உள்ளீட்டு ஜாக். வால்யூம் கண்ட்ரோலில் கிரவுண்ட் போக வேண்டிய கால் விட்டிருந்தால் எவ்வளவு திருப்பினாலும் சத்தம் முழுதாகவே இருக்கும். இரண்டு ஓரக் கால்கள் இடம் மாறியிருந்தால் குறைக்கும் பக்கம் திருப்பும்போது சத்தம் கூடும். ரொம்பக் குறைந்த சத்தத்தில் ஒரு காது கொஞ்சம் முந்திக்கொள்வது பழுதல்ல, மலிவான இரட்டை வால்யூம் கண்ட்ரோல்களின் இயல்பு.

ஜாக்கைப் பொறுத்தவரை முனை இடது, நடு வளையம் வலது, அடி உடல் கிரவுண்ட். ஐந்து கால் உள்ள ஜாக்குகளில் இரண்டு கால்கள் உள் சுவிட்சுக்கு உரியவை. பிளக்கைச் செருகி வைத்துக்கொண்டு, தொடர்பு இருந்தால் மீட்டர் எழுப்பும் கண்டினியூட்டி ஒலியால் எந்தக் கால் எதைத் தொடுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஊகிக்க வேண்டாம்.

காதால் கேட்டே கண்டுபிடிக்கக்கூடிய ஒரு பழுது உண்டு. இசைக்கருவிகள் கேட்கின்றன, பாடகரின் குரல் மட்டும் எங்கோ தூரத்தில் போய்விட்டது, மொத்தமும் மெலிந்து ஒலிக்கிறது. வெளியீட்டு ஜாக்கின் கிரவுண்ட் விட்டுப் போயிருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் கிடையாது. கிரவுண்ட் இல்லாததால் ஹெட்ஃபோனுக்கு இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் போகிறது. குரலை இரண்டு பக்கமும் சமமாகத்தான் பதிவு செய்திருப்பார்கள், அதனால் அது கழிந்துவிடுகிறது.

இரைச்சலும் அலைவும்

வால்யூம் கண்ட்ரோலின் உலோக உடலைத் தொட்டதும் ரீங்காரம் மாறுகிறதா? அந்த உடலுக்கு மெய்நிகர் கிரவுண்டில் இருந்து ஒரு ஒயர் கொடுங்கள். திருப்பும்போது மட்டும் கரகரக்கிறது என்றால் தூசியாக இருக்கலாம், டிசி ஏதாவது அதற்குள் நுழைந்தும் இருக்கலாம். நடுக்காலில் டிசி அளந்து பாருங்கள். சீராக உஸ்ஸென்று மட்டும் இருந்து, காதுக்குள் செருகும் உணர்திறன் மிக்க இயர்ஃபோனில்தான் கேட்கிறது என்றால் பழுதில்லை, பெருக்கம் உங்களுக்கு அதிகம். 10 கிலோவுக்குப் பதில் 2 கிலோ போட்டால் பெருக்கம் 3 ஆகும், இரைச்சலும் அடங்கும்.

அலைவு வேறு. சர்க்கியூட் காதுக்கு எட்டாத அதிர்வெண்ணில் தானாகவே கத்திக்கொண்டிருக்கும். பாட்டில் ஒரு முரட்டுத்தனம், ஐசியில் சூடு, அதிகக் கரண்ட், போர்டின் பக்கத்தில் விரலைக் கொண்டுபோனால் மாறும் ஆஃப்செட், இவை அறிகுறிகள். வேகமான ஆப்-ஆம்ப் வாங்கினால் ஒலி கூடும் என்று நம்பி மாட்டுபவர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது. என் கருத்தில் முதல் ஆம்ப்ளிஃபயருக்கு அது வேண்டாத வேலை. 4ஆம் காலுக்கும் 8ஆம் காலுக்கும் நடுவே, ஐசிக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக, 0.1 மைக்ரோ ஃபாரட் செராமிக் கெபாசிட்டர் ஒன்றைச் சால்டர் செய்யுங்கள். 2ஆம், 6ஆம் கால்களுக்குப் போகும் ஒயர்களைச் சுருக்குங்கள். அதற்கும் அடங்காவிட்டால் ஒவ்வொரு வெளியீட்டிலும் தொடராக 10 ஓம் சேர்த்துப் பாருங்கள்.

சத்தம் கூட்டினால் சிதைகிறது

பேட்டரியைத் தனியாக அளந்தால் 9 வோல்ட் காட்டும். பாட்டு ஓடும்போது அளங்கள். தேய்ந்த பேட்டரி வேலை வாங்கும்போதுதான் தன் நிலையைக் காட்டும். 9 வோல்ட் என்று விற்கும் ரீசார்ஜ் பேட்டரிகளில் சில உண்மையில் 7.2 அல்லது 8.4 வோல்ட்தான்.

பேட்டரி சரியாக இருந்தால் கணக்கைப் பாருங்கள். 4.5 வோல்ட் சப்ளையில் ஐசி இரு பக்கமும் அதிகபட்சம் சுமார் 3 வோல்ட்தான் தர முடியும். போனில் இருந்து அரை வோல்ட் வந்து 11 மடங்கு பெருகினால் 5.5 வோல்ட். மேல் பகுதி வெட்டுப்படத்தான் செய்யும். போனில் சத்தத்தைக் குறைப்பது உடனடி வழி, பெருக்கத்தை 3 ஆக்குவது நிரந்தர வழி.

விட்டு விட்டு வருகிறது

பாட்டைப் போட்டுக்கொண்டு, உலர்ந்த மரக்குச்சியால் ஒவ்வொரு பாகத்தையும் ஒயரையும் மெல்லத் தட்டிப் பாருங்கள். எதைத் தட்டும்போது சத்தம் போகிறதோ, வருகிறதோ, அதன் கால்களை மறுபடி உருக்குங்கள். ஜாக்குகளையும் சுவிட்சையும் முதலில் தட்டுங்கள், தினமும் இழுபடுவது அவைதான்.

இத்தனைக்கும் பிறகு ஒரு சேனல் மட்டும் அடம்பிடிக்கிறது, சாக்கெட்டில் எடுத்த ஓம் அளவுகள் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கின்றன, 2க்கும் 3க்கும் நடுவே வோல்டேஜ் வித்தியாசம் தெரிகிறது என்றால், இப்போது ஐசியை மாற்றலாம். நல்ல நிலையில் உள்ள ஆப்-ஆம்ப் அந்த இரண்டு கால்களையும் ஏறக்குறைய ஒரே வோல்டேஜில் வைத்திருக்கும். புது ஐசியை வைத்ததும் கரண்ட்டையும் ஆஃப்செட்டையும் இன்னொருமுறை அளந்து, மலிவான இயர்ஃபோனில் பத்து நிமிடம் பாட விட்டு, ஐசி சூடேறாமல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்த பிறகு நல்ல ஹெட்ஃபோனைச் செருகுங்கள்.